கற்றாழைக்குச் சுக்குக் கஷாயம்

அளவு மீறி அன்பு காட்டுகிறவனை நம்பி ஒரு செடியைக்கூட விட்டுப் போகக் கூடாது. நான் அப்படிப்பட்டவன்.

ஐம்பதுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான் குமாஸ்தா. தலைப்பிரசவத்துக்குப் பாலக்காடு கிளம்பிய என் மனைவி பார்வதி, அவள் அப்பா ஆசையாகக் கொடுத்திருந்த கற்றாழைத் தொட்டியை என்னிடம் விட்டுப் போனாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாப் போறும்."

(சும்மா இருப்பதாம்! காயலில் படகு ஆடினால் கூடவே எழுந்து நிற்கிற ஜன்மம் நான்.)

தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். இடவப்பாதிப் பருவமழை வந்து தன் பங்குக்கு ஊற்றியது. இலைகள் மஞ்சளாகி, கொழகொழத்து, தொட்டி விளிம்பில் தலை சாய்த்தன. ஜலதோஷம் என்று தீர்மானித்தேன். சுக்குக் கிடங்குக்காரனுக்கு உலகத்து வியாதிக்கெல்லாம் மருந்து ஒன்றுதான். கஷாயம் போட்டு, ஆற்றி, வேரில் ஊற்றினேன். தொட்டிக்குச் சாக்கும் போர்த்தினேன்.

பக்கத்து வீட்டு மேரிச் சேச்சி மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "எந்தா சுவாமி, பிரசவம் பாலக்காட்டிலோ, இவிடெயோ?"

ஆவணியில் மூன்று மாதக் குழந்தையோடு பார்வதி வந்தாள். பெட்டியோடு மாமனாரும் வந்தார். வாசலிலேயே தொட்டியைப் பார்த்துவிட்டு ஓர் இலையைப் பிடித்தார். செடி மொத்தமும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

"மாப்பிளே, இது செடியா, ரசமா?" முகர்ந்தார். "சுக்கு வேற மணக்கறதே!"

நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"கத்தாழையையே கொன்னவராக்கும் இவர். பார்வதி, குழந்தை நடக்கற வரைக்கும் எங்காத்துலயே இருக்கட்டும். கிளம்பு."

மகன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் என் கைக்கு வரவில்லை.

பார்வதி மகனைப் பாயில் கிடத்திவிட்டு, அரிவாள்மணையை எடுத்து அழுகலை வகிர்ந்தாள். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சைக் குருத்து.

"அப்பா, இது பொழைச்சா நான் இங்கேதான். சரியா?"

மாமனார் உட்கார்ந்தார். அவள் குருத்தை நான்கு நாள் நிழலில் காயப்போட்டு, மணலும் ஓட்டுச்சில்லும் நிரப்பிய தொட்டியில் நட்டாள். தண்ணீர்? ஒரு சொட்டு இல்லை. என் கை செம்பைத் தேடித் துடித்தது.

"ஏன்னா, நீங்க சித்த நடந்துட்டு வாங்கோ."

நடந்தேன். மிளகு நெடியடிக்கும் சந்துகளில், அரிசி மண்டிகளின் நிழலில், உப்பு வாசனை முகத்தில் அறையும் படகுத்துறையில், கிடங்கு நேரம் போக மூன்று வாரம் நடந்தேன். ஊர் இத்தனை அழகென்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரக் கடைசியில் மாமனார் குருத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. சந்தேகத்தோடு இன்னொரு முறை இழுத்தார்.

"பிடிச்சுடுத்து" என்று முனகியவர், பேரனைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுத் தம் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தெர்மாமீட்டருக்கு முன்னால் என் செருப்பைத்தான் தேடுகிறார்கள். போன வாரம், அவனுக்கு அப்புறம் பிறந்த மகளுக்குத் தலைவலி. நான் அடுப்படிப் பக்கம் திரும்புவதற்குள் அந்த மகன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"அப்பா, படகுத்துறை வரைக்கும் போயிட்டு வாங்கோ. அவ பொழைச்சுப்பா."