பெய்ஜிங் நேரப்படி விழுந்தவர்கள்

அன்று எங்கள் பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரும் உண்மையிலேயே இருந்திருந்தால், கூடத்தின் சுவர் அன்றைக்கே சரிந்திருக்கும். இடிப்பதற்கென்று தனியாக இயந்திரம் தேவைப்பட்டிருக்காது.

மாவட்டப் பண்பாட்டு அலுவலகத் தலைவர் ஹௌ குவாங்மிங். நில மேம்பாட்டு அலுவலகத் துணைத் தலைவர் பியான் தெஷெங். ஹௌவின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த எழுத்தர் லுவோ யான் என்ற பெண். எங்கள் குடும்பக் கலையின் ஆசான், என் தம்பி கெங் ஷௌச்சுவான். அவனுடைய மூத்த சீடன், ஆட்டிறைச்சிக் கடைக்காரன் கோங் தாயோங். அவனுக்கு இளைய சீடர்கள் சிலர். பெயர் சொல்லும் அளவுக்கு இவர்கள் இன்னும் அழகாக விழக் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியாக, குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் நாற்காலியில் அமர்ந்திருந்த நான், கெங் ஷௌயி. வேறு யாரும் இல்லை.

உலகத்தில் எத்தனையோ சண்டைக் கலைகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் எதிராளியின் ஒத்துழைப்பு இல்லாமலே ஜெயித்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் காட்டுமிராண்டித்தனத்திலிருந்து மனித குலத்தை மீட்டது கெங் குடும்பத்தின் 'ஒற்றை விரல்' கலை.

அதன் தத்துவம் எளிமையானது. மலையில் பனி உருகி வரும் தண்ணீர் எங்கள் ஊர் வயல்களுக்கு முறை வைத்துப் பாய்வதுபோல, உடம்பில் சக்தியும் நாடிகளில் முறை வைத்துப் பாய்கிறது. ஒரு வேளைக்கு ஒரு நாடி திறக்கும். திறந்திருக்கும் நாடியின் வர்மப் புள்ளியைத் தொட்டால் ஆள் விழுவான். இது 'அரைத் தொடுதல்'. 'முழுத் தொடுதல்' என்று ஒன்று உண்டு, அது கொன்றுவிடும். என் பாட்டனார் ஒரு குதிரை வியாபாரியை அப்படித் தொட்டு, "நீ செத்தாய்" என்றார். வியாபாரி சொன்னபடியே செத்தார். என்ன, முப்பது வருடம் தாமதமாயிற்று. அவர் உடல்வாகு அப்படி.

எங்கள் கூடத்தில் விழுவதற்கும் ஒழுங்கு உண்டு. மூத்த சீடன் முதலில் விழ வேண்டும். அவன் முதுகு தரையில் பட்ட பிறகே அடுத்தவனின் முழங்கால் மடங்கலாம். விழுந்தவன் பேசக் கூடாது. சுவரில் இருக்கும் முப்பாட்டனார் படத்தை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. இத்தனையும் நினைவில் வைத்துக்கொண்டு சுயநினைவை இழப்பது சாதாரண வேலை இல்லை.

இப்பேர்ப்பட்ட கூடத்தின் வெளிச்சுவரில்தான் அந்த வசந்த காலத்தில் யாரோ சிவப்பு வட்டம் போட்டு, அதற்குள் 'இடி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் வணிக வளாகம் வருகிறதாம்; அதற்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். இதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. பண்பாட்டு அலுவலகம் நேரில் வந்து பார்த்து 'மாவட்டப் பாரம்பரியக் கலை' என்று பித்தளைப் பலகை கொடுத்துவிட்டால் கூடத்தின் மேல் யாரும் கை வைக்க முடியாது. கொடுக்காவிட்டால் மறுநாளே இயந்திரம் வரும். தம்பிக்கு வேறு தொழில் தெரியாது. கூடத்தை எடுத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒரு விரல்தான்.

அவர்கள் காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தம்பி என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

"அண்ணே, பதினொண்ணு வேணாம். ரெண்டு மணிவாக்குல வரச் சொல்லு. இருதய நாடி அப்பத்தான் நல்லா ஓடும்."

"பன்னெண்டு மணிக்கு அவங்களுக்கு விருந்து ஏற்பாடாயிருக்கு. உன் நாடிக்காக ஆட்டுக்கறி காத்துக்கிட்டிருக்குமா?"

அவன் கண் சிவந்திருந்தது. என் தம்பியிடம் ஒரு குறை உண்டு. அவன் எங்கள் கலையை நம்பினான்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். தேநீர் ஆயிற்று. தம்பி கூடத்தின் நடுவில் நின்று கோங்கின் அக்குளில் விரல் வைத்தான். அக்குள்தான் இருதய நாடியின் முதல் புள்ளி. நாள் முழுக்க ஆட்டைத் தூக்கித் தோளில் போடுகிற கோங், அரைத்த மாவு மூட்டைபோல் சரிந்தான். அவனுக்குப் பின்னால் இளையவர்கள் வயது வரிசைப்படி சரிந்தார்கள். ஒரு கால்கூட முப்பாட்டனார் பக்கம் நீளவில்லை. ஹௌ கைதட்டினார்.

பியான் தட்டவில்லை. அவர் கையில் சூரியகாந்தி விதை இருந்தது.

"இவங்கல்லாம் சீடருங்க. எங்க ஆபீஸ்ல நான் லேசா இருமினாலே நாலு பேரு மருந்து வாங்க ஓடுறான். அதுக்காக என் இருமலுக்குப் பலகை கேட்க முடியுமா? வெளியாளு யாரையாச்சும் தொடச் சொல்லுங்க ஹௌ அண்ணே."

ஹௌ சுற்றிலும் பார்த்தார். பதவியில் சிறியவர் யாரோ அவர்தான் வெளியாள் என்பது அலுவலக மரபு.

"லுவோ யான், நீ போம்மா."

பெண்பிள்ளை என்பதால் விரலால் தொடக் கூடாது, சாப்பாட்டுக் குச்சியின் நுனியால் தொட வேண்டும் என்று நான் கட்டளையிட்டேன். சக்தி மூங்கில் வழியாகவும் பாயும். லுவோ யான் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு கையைத் தூக்கினார். தம்பி மூச்சை அடக்கித் தொட்டான்.

பேனா கீழே விழுந்தது. அவர் விழவில்லை.

"ஐயோ, கூசுது! ஹிஹி... போதும் மாமா, கூசுது!"

"கூசுதுன்னா சக்தி ஏறுதுன்னு அர்த்தம்," என்றான் கோங், தரையில் கிடந்தபடி.

"நீ விழுந்து கிடக்கிறவன். வாயை மூடு," என்றேன்.

தம்பி மறுபடி தொட்டான். அவர் மறுபடி சிரித்தார். விஞ்ஞான முறைப்படி காரணம் கண்டறிவது என் பொறுப்பாயிற்று.

"ஏம்மா, தொட்டப்போ நாக்கை எங்க வச்சிருந்தே?"

"வாயிலதான் தாத்தா."

"மேலண்ணத்துல ஒட்டி வச்சிருந்தியா?"

"கவனிக்கலையே."

"இடது கால் கட்டை விரல்?"

"ஷூவுக்குள்ள."

"பாருங்க!" என்றேன் ஹௌவிடம். அவர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அந்த ஷூவைப் பார்த்தார்.

பியான் ஒரு விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார். "சரி, முடிஞ்சுது. இடிக்கிற வண்டி நாளைக்குக் காலையிலயே வந்துடும்."

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். குடும்பத்தின் மூத்தவன் நான் இருக்கும்போது அவன் திறந்திருக்கக் கூடாது.

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. நேரம் சரியில்ல."

பியான் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் நாடி அட்டவணையைக் காட்டினார். "பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் குதிரை வேளை, இருதய நாடின்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க. இப்ப மணி பதினொண்ணே கால். வேறென்ன வேணும்?"

தம்பி வாசலுக்குப் போய், முற்றத்து இலந்தை மரத்தின் நிழலைக் காட்டினான்.

"அது கடிகாரத்து மணி. சூரியனைப் பாருங்க. உச்சிக்கு வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. நம்ம ஊரு எங்கயோ மேற்கால கிடக்கு. நமக்கு விடியறதே லேட்டு. இப்ப நடக்கிறது குதிரைக்கு முந்தின பாம்பு வேளை. மண்ணீரல் நாடிதான் திறந்திருக்கும். இருதய நாடி இன்னும் திறக்கல."

"கடிகாரம் காட்டறது பெய்ஜிங் நேரமய்யா. நாடு பூராவுக்கும் அதான் நேரம்."

"நாட்டுக்கு அதான் நேரம். அக்குளுக்கு இல்ல."

தரையில் கிடந்தவர்கள் மூச்சு விடுவதையும் நிறுத்தினார்கள். இந்தக் கலையின் வரலாற்றில் முதல் தடவையாக அவர்கள் உண்மையிலேயே பேச்சு மூச்சற்றுக் கிடந்தார்கள்.

பியானின் முகத்தில் புன்னகை மெதுவாகப் பரவியது. "அப்ப பெய்ஜிங் நேரம் தப்புன்னு சொல்றீங்க."

"இங்க தப்பு," என்றான் தம்பி.

ஹௌ எழுந்தார். "லுவோ யான், எழுதறதை நிறுத்தும்மா."

"எழுதிட்டேனே சார்."

"என்னத்தை?"

"'நாட்டுக்கு அதான் நேரம், அக்குளுக்கு இல்ல.'"

"அடிச்சிடு."

"அடிச்சா ஏன் அடிச்சேன்னு பக்கத்துல எழுதணும் சார். நீங்கதான் அன்னிக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

ஹௌ குவாங்மிங் மாமனிதர். ஒரு கிண்ணம் தேநீர் ஆறுவதற்குள் அவர் மூளை எத்தனை மாடி ஏறி இறங்கியது என்பதை நான் என் கண்ணால் கண்டேன். தொடுதல் பலிக்கவில்லை என்றால் ஏன் பலிக்கவில்லை என்று மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், 'அந்த ஆள் அப்படிப் பேசியபோது தலைமை வகித்தவர் என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று கேட்பார்கள். ஆனால் தொடுதல் பலித்துவிட்டால் காரணமே தேவையில்லை. வெற்றிக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார்.

"ஆசானே, என்னைத் தொடுங்க."

"இப்ப பலிக்காதுங்க. ரெண்டு மணிக்கு வாங்க, தொடறேன்."

"இப்பவே பலிக்கும்."

"நாடி மூடியிருக்குங்க."

"நான் திறந்து வச்சிருக்கேன்யா! தொடுங்க!"

தம்பி என்னைப் பார்த்தான். மூடிய நாடியைத் தொடுவதில்லை என்று எங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அவன் அன்று ஏற்கெனவே மீறியிருந்தான்; இது இன்னொரு தடவை. தொடாவிட்டால் அப்பா கட்டிய கூடம் தரைமட்டம். அவன் உதடு நடுங்கியது. எனக்கு எதுவும் நடுங்கவில்லை. கௌரவம் என்பது என்ன என்று அறிந்தவன் நான்.

"தொடுடா," என்றேன்.

அவன் கை நீட்டினான். விரல் இன்னும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே ஹௌ விழுந்தார். என்ன விழுகை அது! கோங் இத்தனை வருடம் பயின்றும் எட்டாத தரம். அரசுப் பணியில் முப்பது ஆண்டு அனுபவம் சும்மா இல்லை.

பியான் ஒரு கணம் நின்றார். இந்த மணியில் தான் மட்டும் நின்றுகொண்டிருந்தால், பெய்ஜிங் நேரம் தன் உடம்பில் செல்லுபடியாகவில்லை என்று தானே சாட்சி சொன்னதாகிவிடும் என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. மீதி விதைகளைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். விழுந்தார்.

என்னை யாரும் தொடவில்லைதான். ஆனாலும் விருந்தினர்கள் தரையில் கிடக்கும்போது வீட்டுக்கு மூத்தவன் நாற்காலியில் இருப்பது மரியாதை இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் முதுகு வளைத்ததில்லை. ஆகவே நான் வளையாமல் நேராகவே விழுந்தேன்.

நின்றவர்கள் இரண்டு பேர். தம்பியும் லுவோ யானும்.

"சார்," என்றார் அந்தப் பெண், "அவர் விரல் இன்னும் உங்க மேல படவே இல்லையே?"

"எழுதிக்கோ," என்று தரையிலிருந்து ஹௌவின் குரல் வந்தது. "பெய்ஜிங் நேரம் பதினொண்ணரை. தொடுதல் பலித்தது. எல்லோரும் விழுந்தார்கள்."

"எல்லாரும்னு எப்படி சார்? நான் நிக்கிறேனே."

"தரை சுத்தமாத்தான் இருக்கும்மா," என்றேன் நான். "காலையிலதான் கழுவினோம்."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே தாத்தா."

தம்பி அந்தப் பேச்சைக் கவனிக்கவே இல்லை. தன் விரலைப் பார்த்தான். பாம்பு வேளை. மூடிய நாடி. படாத விரல். பிறகு திரும்பி, தரையில் கிடந்த கோங்கின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"தாயோங்... அப்ப நீ இத்தனை வருஷமா...?"

கோங்கின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"பேசக் கூடாது ஆசானே," என்றான். "விழுந்து கிடக்கேன்."

விருந்து நேரம் நெருங்கியதும் எல்லோருடைய நாடிகளும் தாமாகவே சரியாயின. ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பலகை வந்தது. வாசலுக்கு மேலே மின்னுகிறது. சிவப்பு வட்டத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வண்டி நிறுத்தும் இடம் பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடங்களுக்கு விழத் தெரியாது. நாடி அட்டவணையில் 'பெய்ஜிங் நேரப்படி' என்ற ஒரு வரியை நானே என் கையால் சேர்த்தேன். தம்பி இப்போது யாரையும் தொடுவதில்லை. முற்றத்தில் உட்கார்ந்து இலந்தை மர நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் கலைக்கு எந்த நட்டமும் இல்லை. நான் தொடுகிறேன். பதினொரு மணி அடித்ததும் விழுகிறார்கள். கோங் மட்டும் கடையில் வேலை அதிகம் என்று வருவதில்லை.

கடைசியாக ஒன்று. லுவோ யான் என்ற அந்த எழுத்தர், அன்று விழாமல் நின்றதற்காகவே பாலைவன ஓரத்து மரம் நடும் நிலையத்துக்கு மாற்றப்பட்டார் என்று ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். அது முழுப் பொய். இந்த நாட்டில் நிற்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் விழுந்ததை அவர் பார்த்துவிட்டார். மாற்றியது அதற்காகத்தான்.