மாவுக்காக ஓர் உண்ணாவிரதம்

இனிமேல் எந்தப் போராட்டத்திலும் தோற்பதில்லை என்று 2004 ஆடி மாதம் முடிவெடுத்தேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடியவன் நான். நான்கு முறை சிறை. எண்ணிலடங்காத துண்டறிக்கைகள். கடைசியில் ஆலையையே மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கையில் வந்த பணத்தில் என் மனைவி தனக்கொடி ஒரு பெரிய கிரைண்டர் வாங்கினாள். இட்லி மாவு அரைத்து, பொட்டலம் போட்டு, நாங்கள் குடியிருக்கும் நெல்லித்தோப்பில் விற்பது திட்டம்.

ஐந்து நாளில் ஒரு பொட்டலம்கூடப் போகவில்லை. மீந்த மாவுக்கு நான்தான் நிரந்தர வாடிக்கையாளர். முதல் நாள் இட்லி. இரண்டாம் நாள் தோசை. மூன்றாம் நாள் ஊத்தப்பம். நான்காம் நாள் பணியாரம். ஐந்தாம் நாள் தட்டில் விழுந்ததற்குப் பெயர் இல்லை. புளிப்பு மட்டும் இருந்தது.

"இன்னும் பத்து நாளு பாப்பேன்," என்றாள் தனக்கொடி. "இருபது வீடு சேரலன்னா கிரைண்டர வித்துடுவேன். நீங்க எங்க அண்ணன் அரிசிக் கடையில போய் மூட்டைக்குக் காவல் இருங்க."

என் மைத்துனன் முதலாளி. பார்க்கும்போதெல்லாம் "இன்னா மாப்ள, புரட்சி எந்த ஸ்டேஷன் தாண்டுது?" என்று கேட்பவன். அவன் கடை வாசலில் நான் காவலா?

"நான் சேர்க்கறேன் இருபது வீடு," என்றேன்.

"வீட்டுக்கு ரெண்டு இட்லி ஊத்திக் குடுத்துப் பாக்கலாங்க. தின்னு பாத்தா தானா வாங்குவாங்க."

"உழைப்ப எனாமா குடுக்கறதா? அது முதலாளிங்க போடற தூண்டிலு. என் பொணத்து மேலதான் அது நடக்கும்!"

"சரி. உங்க இஷ்டம்," என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்த அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அச்சடிக்கக் காசில்லை. கார்பன் தாள் வைத்து நாற்பது பிரதிகள் கையாலேயே எழுதினேன். 'நெல்லித்தோப்பு வாழ் குடும்பங்களே! சிந்திப்பீர்!' என்று தலைப்பு. நான்கு பக்கம். தனக்கொடி புரட்டிப் பார்த்தாள்.

"மாவு எங்க கெடைக்கும்னு எழுதலையே?"

"நாலாம் பக்கம் கடைசி வரி."

"அதுக்கு முன்னாடி?"

"அரிசி விலை உயர்ந்த வரலாறு."

வீடு வீடாகக் கொடுத்தேன். ஒருவரும் பிரிக்கவில்லை. மளிகைக்கடை ஹேமலதா என்னைக் கண்டதுமே ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அண்ணே, பந்த் நாளைக்கா, நாளான்னைக்கா?"

"பந்த் இல்லம்மா. இட்லி மாவு."

"மாவுக்காகவா பந்த்?"

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் காகிதம் நீட்டினால் மறுநாள் கடையடைப்பு. அது இந்த ஊருக்குப் பழகிவிட்டது. அன்று மாலைக்குள் தெருவில் பால், ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாம் விற்றுத் தீர்ந்தன. மாவு மட்டும் அப்படியே இருந்தது.

எதிர்வீட்டுக் கோவிந்தராசு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். ஊரில் 'சொல்தா' என்றால்தான் தெரியும்; பிரெஞ்சில் சிப்பாய். "மெர்சி தோழர். எங்க வீட்டுல காலையில ரொட்டிதான்," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, என் துண்டறிக்கையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இந்த ஜனங்களுக்குச் சொரணையே இல்ல!"

தனக்கொடி உளுந்து களைந்துகொண்டே சொன்னாள். "நீங்க பட்டினி கெடந்தாகூட இவங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க."

பொறி தட்டியது. உண்ணாவிரதம்! காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. கோரிக்கை: உழைப்பாளி அரைத்த மாவை ஆதரி! காவல் நிலைய அனுமதிக்கு மனு எழுத உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் பஞ்சநாதன் அண்ணன் பாத்துக்குவாரு. நீங்க கோஷத்த எழுதுங்க," என்றாள். பஞ்சநாதன் என் சங்கத் தோழர். என் உண்ணாவிரதங்களை எல்லாம் பழரசம் கொடுத்து முடித்து வைத்தவர். நம்பினேன்.

வியாழக்கிழமை தெருமுனையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். உண்ணாவிரதம் என்றால் இந்த ஊரில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பத்து மணிக்குள் முப்பது பேர். என் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது தனக்கொடி வந்தாள். கூடவே அடுப்பு, இட்லிப் பானை, தூக்கு நிறையச் சட்னி.

"இன்னா தனக்கொடி இது?"

"ஆதரவு குடுக்க வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பறதா? போராட்டத்துக்கு வந்த தோழருக்குச் சோறு போடுன்னு முப்பத்தொரு வருசமா என்னை வெரட்டினது யாரு?"

நான் வகுத்த கொள்கை.

அடுப்பை எனக்குக் கிழக்கே வைத்தாள். கடற்காற்று கிளம்பியதும் ஆவி முழுக்க என் மூக்கில். திசை பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். சொல்தா எட்டு இட்லி தின்றார்.

"பஞ்சு மாதிரி கீதும்மா! நாளையிலிருந்து ரொட்டிக்கு லீவு. எனக்கு ஒரு பொட்டலம் எழுதிக்கோ."

ஹேமலதா கடைக்குப் பத்துப் பொட்டலம் கேட்டாள். என்னைப் பார்த்து, "ஐயோ பாவம், அண்ணனுக்கும் ஒண்ணு குடேன்," என்றாள்.

"தப்பு தப்பு. அவரு விரதம்," என்றாள் தனக்கொடி. "கொள்கைக்காரரு. செத்தாலும் தொடமாட்டாரு."

செத்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். எதில் என்கிறீர்கள்? என் துண்டறிக்கையின் பின்பக்கத்தில்.

மாலை ஐந்துக்கு முப்பத்திரண்டு வீடு. பஞ்சநாதன் எலுமிச்சைச் சாறு நீட்டினார். குடித்துவிட்டு எழுந்து நின்று முழங்கினேன்.

"தோழர்களே! இது தியாகத்துக்குக் கிடைத்த வெற்றி!"

கைதட்டினார்கள், சட்னிக் கையோடு. தலை சுற்றினாலும் பெருமிதமாக வீட்டுக்கு நடந்தேன். மைத்துனன் கடைக்கு இனிப் போக வேண்டாம்.

"நல்லாப் படுத்துத் தூங்குங்க," என்றாள் தனக்கொடி. "சனிக்கிழமை சாரத்துல உண்ணாவிரதம். அடுத்த வாரம் குருசுக்குப்பத்துல."

"இன்னாது?"

காவல் நிலையத்தில் முத்திரை குத்திய மனுவை நீட்டினாள். மூன்று ஊர், மூன்று உண்ணாவிரதம், கீழே நான் போடாத, ஆனால் அச்சு அசலாக என் கையெழுத்து.

தேதியைப் பார்த்தேன். நான் துண்டறிக்கை எழுத உட்கார்ந்ததற்கு முந்தைய நாள்.