ஆவுடைநாயகத்தின் அருவி நிலவரம்

வியாழக்கிழமைக்குள் வீட்டு இன்டர்நெட்டைச் சரி பண்ணாவிட்டால் தன் பெயர் ஆவுடைநாயகம் இல்லை என்று மேலகரத்து ஆவுடைநாயகம் சபதம் போட்டார். சபதம் போடுவதில் மனுஷனுக்கு ஈடு கிடையாது.

வியாழன் பதினோரு மணிக்கு அவர் மனைவி மீனாவுக்கு கம்ப்யூட்டரில் இன்டர்வியூ. துபாய் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற வேலை. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு இருபத்தாறு வருஷமாகப் பருப்பு அளந்தவளுக்கு இப்போதுதான் நல்ல காலம் எட்டிப் பார்க்கிறது. ஆனால் வீட்டு லேண்ட்லைன் மணி அடித்தால் போதும், நெட் செத்துப்போகும்.

சாரல் காலத்தில் அது அடிக்காத நேரம் ஏது? கடையம், சுரண்டை, அச்சன்புதூர் என்று சுற்றுப்பட்டுச் சொந்தமெல்லாம் குற்றாலத்துக்கு வண்டியைக் கிளப்புமுன் அவரைத்தான் கேட்கும், அருவியில் தண்ணி விழுதா என்று. செல்போனில் கேட்டால் அவருக்குப் பிடிக்காது. அருவி நிலவரத்தை லேண்ட்லைனில் சொன்னால்தான் கெத்து. அதற்கென்றே முன்னறையில், நாற்காலிக்குப் பக்கத்தில், தன் கையாலேயே வயர் இழுத்து இரண்டாவது போன் வைத்திருந்தார்.

மூன்று நாள் கோளாறைத் தேடினார். குரங்கு வயரைக் கடித்திருக்கும் என்று மாடியேறினார். மழை ஈரம் என்று கம்பிக்கு பிளாஸ்டிக் பை கட்டினார். பிச்சிக்கொடி உரசுகிறது என்று அதையும் வெட்டினார். பாவம், மொட்டு விட்டிருந்த கொடி. தன் போனை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அது வந்த நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று மீனா சொல்லிப் பார்த்தாள்.

“போன் மேல பழி போடாதட்டி. அது வீட்டுல எங்கன இருந்தாலும், மணி அடிச்சா நாந்தான் எடுப்பேன்.”

மீனா அதற்குமேல் வாதாடவில்லை. அவள் வாதாடாத நாளில்தான் கவனமாக இருக்கவேண்டும். அது அவருக்குத் தெரியும், மறந்துபோகும்.

வியாழன் காலை காப்பியோடு வந்தாள். ஐந்தருவியில் அஞ்சு கிளையும் விழுது என்று அவர் சொன்னதை நம்பி வந்த சுரண்டை அத்தான் ரெண்டைத்தான் பார்த்தாராம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம்.

“நேர்ல பாத்துட்டே சொல்லுங்களேன். ஒங்க வார்த்தைக்கு ஒரு மரியாத இருக்குல்லா?”

மானப் பிரச்சினை ஆயிற்றே. பத்து மணிக்கே குடையோடு பஸ் ஏறிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும், மீனா முந்தின நாளே சொல்லிவைத்திருந்த லைன்மேன் முகம்மது சலீம் வந்தார். முன்னறை போனுக்கு ஃபில்டர் என்கிற சின்னப் பெட்டியே மாட்டவில்லை, அதனால் மணியும் நெட்டும் ஒரே கம்பியில் முட்டிக்கொள்கின்றன என்றார். அதை மாட்டினார். மீனா சொன்ன இன்னொரு சின்ன வேலையையும் முடித்தார்.

மத்தியானம் ஆவுடைநாயகம் நனைந்து திரும்பினார். மீனாவுக்கு வேலை கிடைத்திருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிச்சிக்கொடியை வெட்டினதில்தான் நெட் சரியாயிற்று என்று தெருவெல்லாம் சொன்னார். மீனா மறுக்கவேயில்லை. அப்புறம்தான் தன் போனைத் தேடினார். அது அடுப்படிச் சுவரில் இருந்தது, அரிவாள்மணைக்கு நேர் மேலே.

“எங்கன இருந்தாலும் எடுப்பேன்னீங்கல்லா? அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும் எனக்கு கிளாஸ். சும்மா நிக்கதுக்கு ரெண்டு காய நறுக்குங்க.”

இப்போது சாயங்காலமெல்லாம் முன்னறையில் மீனா டீச்சர் குரல். நெட் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. அடுப்படியில் மணி அடிக்கிறது. ஆவுடைநாயகம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுக்கிறார். சுரண்டை அத்தான்.

“மாப்ள, எரைச்சல் இங்கன வரைக்கும் கேக்கே. அருவியில நல்ல தண்ணியோ?”

“இல்ல அத்தான். குக்கர்.”