ஞாயிற்றுக்கிழமைக்கு ராகுகாலம் எழுதாதவன்

மரியே வாழ்க

திண்டுக்கல்,
17-10-2006, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்கும் என் பயத்திற்கும் உரிய மச்சான் ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை பிரிஸ்கில்லாவைக் கட்டிய ஜெரோம் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அல்போன்சா அக்காவும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பதுதான் முறை. நீங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. நிலக்கோட்டைக்கு அரைமணிக்கு ஒரு பஸ் இருந்தும் நேரில் வர முகம் இல்லாததால் கடிதமாக எழுதுகிறேன்.

நேற்று போனில் நீங்கள் பேசிய குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "மாப்ள, ஆறு ஞாயித்துக்கிழமையா நான் வண்டியே அனுப்பலைன்னு மொதலாளி சொல்றாருப்பா. லாக்குல ஒரு வரி கூட இல்லையாம். பூசைக்குப் போறேன்னு மண்டியைப் பூட்டிப் போட்டுட்டியான்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாரு. பதினெட்டு வருசம் மாப்ள! வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லு, இல்லேன்னா தீவாளியோட நின்னுக்கங்கிறாரு" என்றீர்கள். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "லாக் பொய் சொல்லாது மச்சான், நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன். அந்த வாயை எதைக் கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை. லாக் பொய் சொல்லவில்லை, உண்மைதான். அதன் வாயைப் பொத்தியது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் முதலாளி மூக்கையா அண்ணனின் பூ மண்டிக்கு வேன் அனுப்பும் புரோகிராமை நான் எழுதக் காரணமே நீங்கள்தான். "எங்க மாப்ள கம்ப்யூட்டர்ல புலி" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தீர்கள். லாக் என்றால் என்ன என்று நீங்கள் அன்று கேட்டபோது நான் பாதி இங்கிலீஷில் விளக்கினேன், அதுவும் என் குற்றம். லாக் என்பது புரோகிராம் தன் பாட்டுக்கு எழுதிக்கொள்ளும் டைரி. எந்த வேன் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மூட்டை, யார் அனுப்பியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இந்த டைரி எழுதும் ஏற்பாட்டை வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் செய்து இன்டர்நெட்டில் சும்மாவே கொடுத்திருக்கிறார்கள். நமக்கென்று கூடுதலாக ஏதாவது வேண்டும் என்றால் ஒரு சின்ன உறுப்பை நாமே எழுதி அதில் மாட்டிக்கொள்ளலாம். அவர்கள் ஒரு எச்சரிக்கையும் எழுதி வைத்திருந்தார்கள்: நீ மாட்டும் உறுப்பில் எக்செப்ஷன் வந்தால், அதாவது எதிர்பாராத கோளாறு வந்தால், டைரி எழுத முடியவில்லை என்பதற்காக மொத்தக் கடையையும் சாத்திவிடாதே, அதற்காகக் கோளாறை மூடி மறைத்தும் விடாதே, அதை எழுதி வைக்க எங்களிடம் தனி ஃபைல் இருக்கிறது, அதில் எழுதிவிட்டு வேலையைத் தொடர விடு. எவ்வளவு நல்ல புத்தி பாருங்கள். அந்தப் பக்கத்தை நான் பிரிண்ட் எடுத்தேன் மச்சான். வாசிக்கவில்லை. ஆபீஸ் மேசையின் ஒரு கால் ஆடுகிறது என்று நாலாக மடித்து அதற்குக் கீழே கொடுத்தேன்.

மூக்கையா அண்ணனுக்கு லாக் ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் காலையில் அதைப் பிரிண்டரில் ஓடவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பர் மாதிரி வாசிப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நேரம் மட்டும் போட்டா எப்படி? அது ராகுகாலமா நல்ல நேரமான்னு பக்கத்துலயே போட்டுரு. ராகுகாலத்துல எவன் வண்டியை எடுத்தான்னு எனக்குத் தெரியணும்ல" என்றார். "அதுக்கென்னண்ணே, செஞ்சுரலாம்" என்றேன். என் ஆபீசுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குர்ஷித் பேகம் அக்காவிடம் போய் தினசரி காலண்டரைக் கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு சார் ராகுகாலம்?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். திங்களில் ஆரம்பித்து சனி வரை ஆறு நாளைக்கும் எழுதினேன். ஞாயிறு வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. சோம்பல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசைக்குப் போவோம், கறி எடுப்போம், தின்றுவிட்டுப் படுப்போம், அன்றைக்கு எவன் கம்ப்யூட்டரைத் தொடப்போகிறான் என்று என் புத்தி என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டது. முகூர்த்தம் வருவதே ஞாயிற்றுக்கிழமையில்தான், மல்லிக்கு அதை விட்டால் பெரிய நாள் கிடையாது என்பது, பூ மண்டிக்காரர் வீட்டில் பெண் எடுத்த எனக்கு உறைக்கவே இல்லை. சோதனை செய்து பார்த்ததும் திங்கள் முதல் சனி வரைதான். கோளாறு வந்தால் உடனே கண்ணில் படட்டும் என்று, எக்செப்ஷனை அப்படியே மேலே தூக்கி எறியச் சொல்லும் ஒரு சுவிட்சைச் சோதனைக்காகப் போட்டிருந்தேன். அதை அணைக்க மறந்துபோனேன்.

அந்த உறுப்பை மாட்டியபின் வந்த முதல் ஞாயிறு, ஆகஸ்ட் 27. உங்களுக்கு மறக்காது. மூக்கையா அண்ணனின் மச்சினன் மகளுக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம், மாலைக்கும் சரத்துக்கும் அத்தனை மல்லியும் இவர் மண்டியிலிருந்துதான் போக வேண்டும். விடிந்ததும் வேனில் ஏற்றியாயிற்று. மண்டியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் அன்புக்கரசி 'வேன் அனுப்பு' கீயைத் தட்டுகிறாள். புரோகிராம் டைரி எழுதப் போகிறது, என் உறுப்பு ஞாயிற்றுக்கிழமையைத் தேடுகிறது, அது இல்லை, எக்செப்ஷன் மேலே பறக்கிறது, புரோகிராம் பொத்தென்று மூடிக்கொள்கிறது. திறந்தால் மறுபடியும் அதே. கையால் சீட்டு எழுதி அனுப்பலாம் என்று நீங்கள் சொல்ல, "சந்தையே பாக்க கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், துண்டுச் சீட்டுல அனுப்பவா?" என்று மூக்கையா அண்ணன் வீம்பு பிடிக்க, இரண்டு மணி நேரம் வேன் வெயிலில் நின்றது. திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது மொட்டு முழுவதும் விரிந்துவிட்டது. பூ மண்டி முதலாளி வீட்டுப் பெண் செவ்வந்தி மாலையோடு மணவறையில் உட்கார்ந்தது. சம்பந்தி வீட்டில் கேட்ட கேள்வியை மூக்கையா அண்ணன் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவர் மண்டிப் பக்கம் வருவதில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். கோளாறு என்ன என்பது திரையைப் பார்த்த ஒரே நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூக்கையா அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், நீங்கள் இடுப்பில் கையை வைத்துப் பெருமையாக நிற்கிறீர்கள், உங்கள் மாப்பிள்ளை சரி செய்துவிடுவான் என்று. "ஞாயித்துக்கிழமைய எழுத மறந்துட்டேண்ணே" என்று ஒரு வரி. அது என் வாயில் வரவில்லை மச்சான். "நேத்து யாரு உக்காந்தது?" என்று கேட்டேன். "நான்தான் சார்" என்றாள் அன்புக்கரசி. "எந்தக் கீயம்மா தட்டுன?" "எப்பவும் தட்டுறதுதான் சார். சனிக்கிழமை வரைக்கும் இதையேதான சார் தட்டினேன், அப்பெல்லாம் ஓடுச்சே." கம்ப்யூட்டர் படித்த நான் சொல்ல வேண்டியதை அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். நான் ஒரு பெருமூச்சு விட்டு, "கீய அழுத்துறதுக்கும் ஒரு முறை இருக்கும்மா" என்றேன். அப்படி ஒரு முறையும் கிடையாது. "நாளையில இருந்து வர வேணாம் தாயி" என்றார் மூக்கையா அண்ணன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். ஏறக்கூட இல்லை, உருட்டிக்கொண்டுதான் போனாள்.

பிறகாவது ஒழுங்காகச் சரி செய்தேனா? ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்தால், அதை எழுதிய தேதி கம்ப்யூட்டரில் பதிந்து மாட்டிக்கொள்வேனோ என்று அதைத் தொடவில்லை. கோளாறு வந்தால் பிடித்து, 'ராகுகாலம் பார்ப்பதில் தவறு' என்று லாக்கிலேயே எழுது என்று வைத்தேன். கெட்டிக்காரத்தனம்! லாக்கில் எந்த வரி எழுதினாலும் கடைசியில் ராகுகாலம் பார்க்க வேண்டுமே. தவறு என்று எழுதும், அந்த வரிக்கு ராகுகாலம் பார்க்கும், கிடைக்காது, அதுவும் தவறு என்று அடுத்த வரி. செப்டம்பர் 3, ஞாயிறு, வழக்கம்போல் லாக்கை ஓடவிட்டதும் பிரிண்டர் கத்திக்கொண்டே ஓடி கட்டுக் காகிதம் முழுவதையும் 'தவறு தவறு' என்று தின்று தீர்த்தது. காகிதம் வீணாக வேண்டாம் என்று லோடு ஆட்கள் அதைக் கிழித்து உதிரிப்பூ பொட்டலம் கட்டினார்கள். அன்று நிலக்கோட்டையில் பூ வாங்கிய அத்தனை பேர் வீட்டுக்கும் என் தவறு போய்ச் சேர்ந்தது. எனக்குத்தான் புத்தி வந்து சேரவில்லை. அன்புக்கரசி இல்லாததால் அன்று கீயைத் தட்டியது நீங்கள். மூக்கையா அண்ணனிடம் போனில் திட்டு வாங்கியதும் நீங்கள். சாயங்காலம் எனக்குப் போன் போட்டு, "மாப்ள, ஏதோ தெரியாமத் தட்டிட்டேன் போல, மன்னிச்சுக்கப்பா" என்றீர்கள். நான் என்ன சொன்னேன்? "பரவாயில்ல மச்சான், போகப் போகப் பழகிரும்" என்றேன். உங்களை மன்னித்தேன் மச்சான். நான். உங்களை.

அதற்கடுத்து செய்ததுதான் எல்லாவற்றையும் விடக் கேவலம். கோளாறு வந்தால் பிடி, பிடித்து ஒன்றும் செய்யாதே, அந்த வரியையே விட்டுவிட்டு மேலே போ என்று எழுதினேன். இரண்டு அடைப்புக்குறி, நடுவில் வெறும் காற்று. அன்றிலிருந்து சத்தமே இல்லை. ஞாயிறும் வேன் ஜோராகப் போனது, டைரியில் மட்டும் ஒரு வரி ஏறவில்லை. அது தெரியாமல் ஆயுத பூசை அன்று மூக்கையா அண்ணன் எனக்கு மண்டியில் வைத்துப் பொன்னாடை போர்த்தினார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்காக அன்று ஒரு நாள் மட்டும் வந்திருந்தார். லாக்கில் அன்றும் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரையும் விடப் பலமாகக் கை தட்டினீர்கள். அந்தப் பொன்னாடையை பிரிஸ்கில்லா டிவி மேல் போர்த்தியிருக்கிறாள். டிவி பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது பழைய பேப்பரை எல்லாம் புரட்டிய மூக்கையா அண்ணன் ஞாயிறு காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். டிரைவர்கள் சொன்னால் "ஒன் ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாய்ங்க" என்கிறார். மனம் தாங்காமல் நேற்று நம் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எக்செப்ஷன், சுவிட்சு, காலி அடைப்புக்குறி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டவர், "அதெல்லாம் கெடக்கட்டும்பா, அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சா இல்லையா?" என்றார். போச்சு சாமி என்றேன். "அப்ப இதை என்கிட்ட சொல்லி என்னப்பா பிரயோசனம்? சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றார்.

ஆகவே மச்சான், இந்தக் கடிதத்தை அப்படியே மூக்கையா அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். ஆறு ஞாயிறும் வண்டி அனுப்பியது நீங்கள்தான், மறைத்தது நான்தான். அன்புக்கரசி தட்டியது சரியான கீதான். அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். பொன்னாடையைத் தந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. குர்ஷித் பேகம் அக்கா காலண்டரைப் பார்க்காமலே சொன்னார். அதையும் எழுதிவிட்டேன், சுவிட்சையும் அணைத்துவிட்டேன், கோளாறு வந்தால் எழுத அந்தத் தனி ஃபைலையும் திறந்து வைத்துவிட்டேன். மேசைக்குக் கீழே இருந்த காகிதத்தை எடுத்து ஒருவழியாக வாசித்தேன். மேசை இப்போது ஆடுகிறது, ஆடட்டும்.

அல்போன்சா அக்காவுக்கு என் தோத்திரம். ஆண்டவர் உங்கள் வீட்டையும் மண்டியையும் காப்பாராக, முக்கியமாக என்னிடமிருந்து.

தலை நிமிர முடியாத,
ஜெரோம்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இருந்த துணிச்சலும் போய்விட்டது. நாலு நாளில் தீபாவளி, இந்த நேரத்தில் மூக்கையா அண்ணன் மனதை எதற்குப் புண்படுத்த வேண்டும்? ஆகவே இதை அவரிடம் காட்ட வேண்டாம். நீங்கள் படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். கரண்ட் ஏறி இறங்கியதில் ஞாயிற்றுக்கிழமை வரிகள் அழிந்துபோயின என்று நானே ஒரு தாளில் எழுதித் தருகிறேன், இங்கிலீஷில் எழுதினால் நம்பிவிடுவார். அன்புக்கரசிக்கு வேறு எங்காவது வேலை பார்த்துவிடலாம். எல்லாம் நமக்குள் இருக்கட்டும்.

அண்ணே, நான் பிரிஸ்கில்லா எழுதுறேன். கவரை ஒட்டிப் போட்டுருன்னு என்கிட்ட குடுத்துட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு. நான் பிரிச்சுப் படிச்சுட்டேன். நேரா குர்ஷித் பேகம் அக்கா கடைக்குப் போயி காப்பி எடுத்தேன். அவரு மாடியிலதான் இருந்தாரு. அக்காவும் படிச்சுட்டு காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. ஒரு காப்பி மூக்கையா அண்ணனுக்கு, ஒண்ணு அன்புக்கரசிக்கு, ரெண்டும் கொரியர்ல போயிருச்சு, இதையும் அதுலயே அனுப்புறேன். கடைசியா பி.கு. எழுதிருக்காரே, அதையும் சேத்துத்தான் எடுத்தேன். நீங்க யார் முன்னாலயும் தலையைக் குனிய வேணாம்ணே. நாளைக்குக் காலையில மொதல் பஸ்ஸுல பொன்னாடையோட இவரை ஏத்தி விடுறேன். நேரா அன்புக்கரசி வீட்டுக்குப் போயிட்டு, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுத்தான் மண்டிக்கு வரணும். அவரு வாயால சொல்லணும். அண்ணிகிட்ட சொல்லி மத்தியானம் சோறு போடச் சொல்லுங்க. சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்.