அறுபத்தெட்டாம் சேனலின் நன்றிச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் கெஞ்சல் கிடையாது. பின்னறை யாருக்கு என்பதைப் போட்டி வைத்தே தீர்த்துவிடுவது. நேர்மையான போட்டி. அவரே விதி எழுதி, அவரே நடத்தி, அவரே ஜெயிக்கப்போகிற நேர்மையான போட்டி.

பின்னறை என்றதும் ஏதோ அரண்மனை என்று நினைத்துவிட வேண்டாம். எட்டடிக்குப் பத்தடி. ஒரு ஜன்னல். பழைய பெட்டிகளும் ஒரு காலொடிந்த நாற்காலியும் குடியிருந்த இடம். கதவு ஈரத்தில் ஊதிப்போய், திறக்க வேண்டுமானால் தோளால் முட்ட வேண்டும். அதனால் அவர் அதைத் திறந்தே பல மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டு மாதமாக அந்த அறைக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு அது டி.வி. வைக்க வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கு இல்லை. ஆராய்ச்சிக்கு. கூட வேலை செய்கிறவர் ஒருவர் மாடியில் பெரிய டிஷ் ஒன்றை மாட்டிக் கொடுத்ததிலிருந்து உலகத்திலுள்ள போட்டி நிகழ்ச்சிகள் எல்லாம் அவர் வீட்டு ஹாலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எந்த நாடு என்று தெரியாது, ஒரு பாஷையும் புரியாது. அதனாலென்ன? சேனல் நம்பர் இருக்கிறதே! நாற்பத்தொன்று, ஐம்பத்தாறு, அறுபத்தெட்டு என்று நாடுகளுக்கு அவர் வைத்த பெயர் அதுதான். கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டிக் கட்டி எழுதிவைத்திருந்தார்.

"ஒரு நாட்டைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா, ஜெயிச்சவனைப் பார்க்கக் கூடாது. தோத்தவனை எப்படி அனுப்பறாங்கன்னு பார்க்கணும்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நாற்பத்தொன்றுக்காரர்கள் தோற்றவனைத் தரையைப் பிளந்து தண்ணீருக்குள் தள்ளுவார்கள். தள்ளிவிட்டுக் கை தட்டுவார்கள். ஐம்பத்தாறில் சத்தமே இருக்காது. தோற்றவர் நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டு, எல்லாருக்கும் தலை வணங்கிவிட்டு, இடது பக்கமாக வெளியே போவார். எழுபத்தைந்தில் தோற்றவருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் மேடைக்கு ஓடிவந்து நடத்துகிறவரோடு சண்டைக்கு நிற்பார்கள். இதையெல்லாம் பார்க்கும்போது அவருக்கு ஊண் உறக்கம் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாற்பத்தொன்றில் இறுதிப் போட்டி. காதில் ஹெட்போன். யாரோ முழங்காலைத் தட்டினார்கள். காலைத் தூக்கினார். இன்னொரு தட்டு. இன்னும் கொஞ்சம் தூக்கினார். வீடு பெருக்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாரே தவிர, கண்ணைத் திரையைவிட்டு எடுக்கவில்லை.

அவர் மனைவிக்கோ அந்த அறை வேலைக்கு வேண்டும். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்ப, அதை வைத்துப் பல் செட் செய்கிற லேப்பில் அவளுக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லில்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அந்த லேப் மாசக் கடைசியில் நகரத்தின் மறுகோடிக்குப் போகிறது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். "வீட்டுல தனியா ஒரு அறை இருந்தா அங்கேயே செஞ்சு குடும்மா. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் அதைப் புருஷனிடம் சொன்னபோது அவர் ஐம்பத்தாறு பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டு மேஜையிலயே செஞ்சுக்கலாமே" என்று சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டினார்.

ஞாயிறு காலை போட்டி விஷயத்தைச் சொன்னதும் அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சரி" என்றாள்.

"சரியா? மூணு சுற்று. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டு ஆட்டம். ஜெயிச்சவங்களுக்கு அறை. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். என்ன ஆட்டம் வேணும்னாலும் வைங்க. அந்த அறுபத்தெட்டு மட்டும் வேண்டாங்க."

மெக்கானிக்கின் காது நிமிர்ந்தது. "ஏன்? அதுல என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேர் எதிரெதிரே நின்னுகிட்டுப் பேசிக்கிட்டே இருப்பாங்களே, அதுதானே?"

"அதேதான். ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்றாங்க. யார் நிறுத்தாம அதிக நேரம் சொல்றாங்களோ அவங்க ஜெயிச்ச மாதிரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பிடிச்சுக்கறாங்க, கண்ணைத் துடைச்சுக்கறாங்க. வேற என்ன சொல்வாங்க? நமக்கு அது ஆகாதுங்க. எனக்கு நன்றின்னு வாயில வராது. உங்களுக்கே தெரியும்."

தெரியாமலா? கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். அவர் புடவை வாங்கி வந்தால், "சாயம் போகுமா?" என்பாள். குழாயைச் சரி செய்தால், "இனிமே ஒழுகாதே?" என்பாள். ஆஹா, மாட்டினாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, மூன்றாம் சுற்று என்ற இடத்தில் அறுபத்தெட்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

நடுவராக வந்தவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். நாலு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய மேல் வரிசையும் கீழ் வரிசையும் மெக்கானிக் மனைவி செய்து கொடுத்தவை. அவள் செய்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிராக அவர் எப்படித் தீர்ப்பு சொல்வார் என்பதை மெக்கானிக் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முதல் சுற்று நாற்பத்தொன்று. மூடின பெட்டிக்குள் கையை விட்டு, நடுவர் போட்டுவைத்த பொருளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷம் இருட்டில் கம்பியும் நட்டும் தடவின கை என்று மீசையை முறுக்கிக்கொண்டு கையை விட்டார். ஏதோ குளிர்ச்சியாக, கொழகொழவென்று, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ! உசிரோட இருக்கு!" என்று ஒரு கத்து. நாற்காலியோடு பின்னால் போய்விட்டார்.

அவள் கையை விட்டாள். அரை நொடிகூட இல்லை. "ஸ்பாஞ்சு. சோப்புத் தண்ணியில ஊறியிருக்கு. நம்ம வீட்டுதுதான், ஓரம் கிழிஞ்சிருக்கு."

"தங்கச்சிக்கு ஒண்ணு!" என்றார் தபால்காரர்.

இரண்டாம் சுற்று ஐம்பத்தாறு. கேள்விக்குப் பதில் தெரிந்தால் கரண்டியால் தட்டைத் தட்ட வேண்டும். கேள்விகளை எழுதினவர் மெக்கானிக். அதனால் நடுவர், "ஐம்பத்தாறுல தோத்தவர் எந்தப் பக்கமா..." என்று ஆரம்பிப்பதற்குள் டங்கென்று தட்டி, "இடது!" என்றார். அஞ்சுக்கு அஞ்சு. அம்மணி கரண்டியைத் தொடவே இல்லை. ஆளுக்கு ஒன்று.

மூன்றாம் சுற்றுக்கு இரண்டு பேரும் எழுந்து எதிரெதிரே நின்றார்கள். தபால்காரர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். "தங்கச்சி, நீங்க முதல்ல."

அவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு நன்றி சொல்ல ஒரு விஷயம் இருக்கு. ஆனா அதை இப்ப சொல்ல முடியாது." அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாள்.

"ஆறு நொடி" என்றார் தபால்காரர்.

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு நொடி பேசினால் அறை! தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏழு நொடியோடு நிறுத்துகிற ஆளா அவர்? இருபத்திரண்டு வருஷம் அவர் பேசி அவள் கேட்ட வீடு அது.

"நன்றி! எதுக்கு? காலையில எழுப்பறதுக்கு நன்றி. எழுப்பின பிறகு மறுபடி எழுப்பறதுக்கு நன்றி. சாவியை நான் தொலைச்சா, தொலைச்ச இடத்தை விட்டுட்டு வேற இடத்துல எடுத்துக் குடுக்கறதுக்கு நன்றி."

தபால்காரர் சிரித்தார். மெக்கானிக்குக் குஷி கிளம்பிவிட்டது.

"இந்தப் பல்லுக்கு நன்றி! சார், இந்த முன்பல்லு இருக்கே, இது என்னுது இல்லை. இவ செஞ்சது. அடிபட்டு உடைஞ்சப்ப யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான் அழுதேன். பதினோரு தடவை ராவி ராவிப் போட்டுப் பார்த்தா. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கு இப்ப தெரிஞ்சு போச்சே!" என்றார் தபால்காரர்.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வந்தது. "அப்புறம்... வாசல்ல நின்னு சொல்றதுக்கு நன்றி. சார், எல்லார் வீட்டுலயும் போயிட்டு வாங்கம்பாங்க. இவ அப்படிச் சொல்ல மாட்டா. 'கீழே பார்க்காதீங்க'ம்பா. ஏன் தெரியுமா? எனக்கு உயரம்னா பயம் சார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் பயம்! வெளியே தெரிஞ்சா வேலை என்னத்துக்கு ஆகும்? முதல் வருஷமே இவகிட்ட சொல்லிட்டேன். இவ சிரிக்கலை. யார்கிட்டயும் சொல்லலை. மறுநாள் காலையில வாசல்ல வந்து நின்னா, 'கீழே பார்க்காதீங்க'ன்னா. அன்னியிலேர்ந்து ஒரு நாள் தவறினதில்லை. பதினாலாவது மாடியில தொங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் சார் கேட்கும்."

தபால்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"கால் ஒடிஞ்சு ரெண்டு மாசம் படுத்திருந்தப்ப, எனக்கு எல்லாத்தையும் செஞ்சு வெச்சுட்டு லேப்புக்குப் போவா. தலையெல்லாம் பல்லு ராவின தூசியோட வருவா. அவசர வேலைன்னா இன்னிக்கும் வீட்டுக்கே கொண்டாந்து சாப்பாட்டு மேஜையில பேப்பர் விரிச்சு செய்வா. நான் தட்டோட போய் நிப்பேன். உடனே எல்லாத்தையும் வாரிக்கிட்டு எழுந்துப்பா. சாப்பிட்டு முடிச்சா மறுபடி விரிப்பா. ராத்திரி மறுபடி நான் தட்டோட போய் நிப்பேன். மறுபடி வாரிப்பா. ஒரு நாளும் கொஞ்சம் இருங்கன்னு சொன்னதில்லை. அவளுக்குன்னு ஒரு..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தான் என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. அவளுக்கு என்று ஒரு மேஜை. அவளுக்கு என்று ஓர் அறை. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் அது இல்லை. அதைத் தடுக்கத்தான் காலையிலிருந்து நோட்டும் பேனாவுமாக அலைந்திருக்கிறார். மனுஷனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாலு நிமிஷம் பன்னண்டு நொடி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார் தபால்காரர். "சார், நீங்கதான் ஜெயிச்சீங்க. அறை உங்களுக்கு."

"வேண்டாம்."

"விதிப்படி..."

"விதியை எழுதினவன் நான்தானே? மாத்திட்டேன். அறை அவளுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தார். "வாம்மா. இப்பவே கதவைத் திறந்து உன்கிட்ட ஒப்படைச்சுடறேன். பெட்டியெல்லாம் நானே தூக்கிப் போடறேன். பிறகு ஒரு தச்சரைப் பிடிச்சு நல்ல மேஜையா ஒண்ணு..."

அவள் கூடவே வந்தாள். அவர் பெருந்தன்மையோடு மூச்சைப் பிடித்து, தோளைச் சாய்த்து, ஊதின கதவை ஓங்கி ஒரு முட்டு முட்டினார். கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. யாரோ அடிப்பக்கத்தை இழைத்து, கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். போன வேகத்தில் மெக்கானிக் அறையின் நடுவில் போய் நின்றார்.

பெட்டிகள் இல்லை. காலொடிந்த நாற்காலியும் இல்லை. ஜன்னலை ஒட்டிப் புது மேஜை. மேலே வளைந்த கழுத்து விளக்கு. அளவெடுத்து அடித்த தட்டுகளில் அச்சு அச்சாக வரிசை வைத்த பல் செட்டுகள், அத்தனையும் அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

"இது... எப்ப?"

"செவ்வாய்க்கிழமை சார்" என்றார் பின்னாலேயே வந்த தபால்காரர். "நானும் தச்சரும்தான் தூக்கிட்டு வந்தோம். செம கனம்."

"எந்த வழியா?"

"ஹால் வழியாத்தான். வேற வழி ஏது?"

"நான் ஹால்லதானே இருந்தேன்!"

"இருந்தீங்க" என்றார் தபால்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மெக்கானிக் மனைவி பக்கம் திரும்பினார். "அப்புறம் எதுக்கு இந்தப் போட்டி, நடுவர், ஸ்பாஞ்சு எல்லாம்?"

"மேஜை வந்துடுச்சுங்க. ஆனா நீங்களா மனசார வெச்சுக்கோன்னு சொல்லி நான் உட்கார்ந்தா, கை நடுங்காம வேலை ஓடும்னு தோணிச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. அதை முந்தானையால் துடைக்கிற சாக்கில் சிரிப்பையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்துதான் வந்தது. நாற்பத்தொன்றில் தண்ணீருக்குள் தள்ளுவார்கள், ஐம்பத்தாறில் தலை வணங்க வைப்பார்கள். தோற்றவனை ஜெயிக்க வைத்து அனுப்புகிற நாடு அவர் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அறுபத்தெட்டுல நிஜமாவே நன்றிதான் சொல்லிக்கறாங்களா?"

"யாருக்குங்க தெரியும்? சொத்துச் சண்டையோ என்னவோ!"

"சரி, போகட்டும். எனக்கு நன்றி சொல்ல ஏதோ ஒரு விஷயம் இருக்கு, இப்ப சொல்ல முடியாதுன்னியே. இப்ப சொல்லலாமில்ல?"

அவள் புது நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழமை மேஜை வரும்போது காலைத் தூக்கினீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்க."