கம்பியில்லாக் கம்ப்யூட்டரும் அப்பாவின் அக்கினி கண்டமும்

இந்த வருசமும் தீ மிதிப்பதில்லை என்று அப்பா ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். சத்தமில்லாமல் எடுத்தார். கக்கூசில் உட்கார்ந்து எடுத்தார். எங்கள் ஈப்போ வீட்டில் அம்மாவின் குரல் எட்டாத இடம் அது ஒன்றுதான். அதுவும் கதவைச் சாத்தினால்.

அப்பா பெயர் பத்துமலை. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். இவர் எதற்குத் தீ மிதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு மூன்று வருசம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அங்கே எங்களுக்கு அது கடைசி மாதம். அப்பாவுக்குக் குடல்வால் வீங்கி, பத்து காஜா ஆஸ்பத்திரியில் வைத்து வயிற்றை அறுத்தார்கள். அப்பா உள்ளே மயக்கத்தில். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தோட்டத்து மாரியம்மனிடம் பேரம் பேசினார். "தாயே, இந்த மனுசன் நல்லபடியா எந்திரிச்சா ஒனக்குத் தீ மிதிக்கச் சொல்றேன்." அம்மன் உடனே ஒப்புக்கொண்டது. அப்பாவை யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றால் அவருக்கு நினைவில்லை.

கண் விழித்ததும் அப்பா கத்தினார். "வேண்டிக்கிட்டது நீ. நடக்கிறது நானா?"

"பொழைச்சது யாரு? நானா?"

அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வருசச் சாக்கு முதுகுவலி. போன வருசம் காலில் ஆணி. மிதிக்காமல் திருவிழாவை மட்டும் பார்த்துவிட்டு வரவும் முடியாது. வாசலிலேயே பிச்சைமுத்து பூசாரி பிடித்துக்கொள்வார். அவர் குரலை இந்தத் தாளில் எப்படிக் காட்டுவது? இரண்டு வார்த்தை, ஒரு கனைப்பு. "என்னப்பா பத்துமலை, க்ர்ஹும், அம்மா காத்துக்கிட்டு இருக்கா, க்ர்ஹும், எப்ப?" அந்தக் கனைப்புக்குப் பயந்தே இரண்டு ஆடித் திருவிழா எங்களுக்குப் போயிற்று.

எனக்கு அது பெரிய நட்டம். நான் அடுத்தவர் குரல் பழகியதே தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில்தான். கணக்குப் பார்க்கும் கிராணியார் இருமல், வேலை வாங்கும் மண்டோர் விசில், ஐஸ் லோரி பின்னால் வரும் 'பீப்பீப்' எல்லாம் அங்கே கற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணியை வாயாலேயே அடித்து, நாற்பது வீட்டு ஆட்களையும் பால் வாளியோடு களத்துக்கு வரவைத்தேன். அன்று வாங்கிய அடி இன்னும் இனிக்கிறது. ஈப்போவில் நான் யார் குரலில் பேசினாலும் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். லயத்தில் கதவைத் திறந்து துரத்தினார்கள். துரத்துவதற்கு ஆள் வேண்டும் அல்லவா?

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு டயர் கம்பெனி ஸ்டோரில் வேலை. மானேஜர் புதுசு வாங்கியதும் பழைய கைக் கம்ப்யூட்டரை அப்பா தலையில் கட்டினார். சாக்லெட் கட்டி அளவு. ஒரே ஒரு வரிதான் எழுத்து தெரியும். அதன் இடுப்பில் ஒரு துளை. அதில் காசெட் பெட்டியின் கம்பியைச் செருகினால், மண்டைக்குள் இருப்பதை எல்லாம் சத்தமாக்கி டேப்பில் துப்பும். கீஈஈ... ர்ர்ர்ர்... கீ! தேங்காய்த் துருவியில் பூனை மாட்டிக்கொண்ட மாதிரி.

அப்பாவுக்கு அந்தக் கம்பி பிடிக்கவில்லை. டவுனில் ரேடியோ சாமான் விற்கும் கடையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை அட்டை வாங்கி வந்தார். அதில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று, கடுகு மாதிரி ஒரு மைக், சதுர பேட்டரி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஈயம் பற்றவைத்து, மூன்று விரலைச் சுட்டுக்கொண்டு, அட்டையைக் கம்ப்யூட்டரின் இடுப்பில் செருகினார். படுக்கையறையில் கம்ப்யூட்டர். சமையலறையில் ரேடியோ காசெட். எஃப்எம் முள்ளை யாரும் பாடாத இடத்தில் வைத்தார்.

கீஈஈ... ர்ர்ர்ர்... கீ!

ரேடியோவில் வந்தது! டேப்பில் பிடித்து, அதைத் திரும்பக் கம்ப்யூட்டருக்கு ஊட்டினால், ஒற்றை வரியில் 'நவமணி' என்று அம்மா பெயர் எழுந்தது. அப்பா இடுப்புச் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

"கம்பியே இல்லாம! நடுவுல செவரு நிக்கிது, அது பாட்டுக்குப் போவுது பாத்தியா நவமணி!"

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெனமும் ரேடியோ கம்பி இல்லாமதான் பாடுது. அதுக்கு யாரும் சாரோங்க அவுத்துக்கிட்டு ஆடலையே."

அந்த வாரம்தான் தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"தோட்டத்த வித்தாச்சாம். பால்மரத்த வெட்டிட்டு முழுக்க எண்ணெய்க்குச் செம்பனை போடப் போறாங்களாம். அடுத்த வருசம் கோயிலு அங்கன இருக்குமான்னே தெரியல. இந்த ஆடிக்கு நீங்க நடந்தே ஆவணும்."

அப்பா கக்கூசுக்குப் போனார். தீர்மானத்தோடு வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"முத்தம்மா, ஒனக்குக் கம்ப்யூட்டரு மாதிரி பேச வருமா?"

"கம்ப்யூட்டரு பேசாதேப்பா."

"அது ஒங்கம்மாவுக்குத் தெரியாதுலா."

திட்டம் இதுதான். பச்சை அட்டையில் மைக் இருக்கிறது. நான் படுக்கையறையில் ஒளிந்து பேசுவேன். குரல் சமையலறை ரேடியோவில் வரும். அப்பா ஜாதகத்தைக் கம்ப்யூட்டர் கணித்து, 'இந்த வருசம் தீ மிதிக்க ஆகாது' என்று சொல்லிவிடும். ஜோசியருக்கு வாய் உண்டு, காசு கொடுத்து வாங்கலாம். கம்ப்யூட்டரை யார் வாங்குவது?

சனிக்கிழமை அம்மா பக்கத்து வீட்டு அகதா அக்காவோடு நெத்திலி ஆயப் போன நேரத்தில், அட்டையை முடுக்கி ஒத்திகை. செய்தி வாசிப்பவர் குரல் பாதி, ஐஸ் பெட்டி உறுமல் பாதி. அப்பாவுக்குத் திருப்தி இல்லை. காலி பிஸ்கட்டு டின்னைக் கொண்டுவந்தார். தலையை அதற்குள் விட்டுப் பேசினேன். அப்பாவுக்கே புல்லரித்தது.

ஞாயிறு காலை. அம்மா கணக்கில் நான் லைப்ரரிக்குப் போய்விட்டேன். அதாவது கட்டிலுக்கு அந்தப் பக்கம். நடுவில் பலகைச் சுவர்தான். சமையலறையில் அம்மா பேசுவது தெளிவாகக் கேட்டது.

"வணக்கம்," என்றேன் டின்னுக்குள்ளிருந்து. "நான்... கம்ப்யூட்டர்... பேசுகிறேன்."

"வணக்கங்க," என்றார் அம்மா. "பசியாறிட்டீங்களா?"

இது ஒத்திகையில் இல்லை. "நான்... பேட்டரி மட்டுமே... உண்பேன்."

"பாவம். வீட்டுக்காரரு ஜாதகத்தப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். அக்கினி கண்டம். தொண்ணூறு நாளைக்குத் தீ மிதிக்க... ஆகாது."

அப்பா பெரிதாகப் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. "என்ன செய்யிறது நவமணி? எனக்கு ஆசைதான். மெசினே சொல்லிருச்சு."

"மிதிக்கத்தான் ஆகாதா," என்று அம்மா கேட்டார், "கிட்டப் போவவே ஆகாதா?"

இங்கேதான் நான் கெட்டேன். அப்பா எழுதிக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். ஆனால் டின்னுக்குள் என் குரல் அவ்வளவு அழகாக அதிர்ந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

"கிட்டவே ஆகாது! நெருப்பின் நிழல் கூடப் படக்கூடாது! நெருப்பு பட்ட பொருளும்... விசம்!"

"அப்பிடியா! நல்ல வேளை சொன்னீங்க. கும்பிடுறேங்க."

மறுநாள் காலை அப்பாவின் ரோக்கோ பொட்டலத்தைக் காணவில்லை.

"நெருப்பில்லாம சிகரெட்டு பத்துமாங்க? கண்டமாச்சே. லோங்காங் சாக்கடையில போட்டுட்டேன்."

கோப்பி வந்தது. மேலே தூள் மிதந்தது.

"என்ன இது?"

"பச்சத் தண்ணியில கலக்கினேன். அடுப்புல வச்சா நெருப்பு பட்டுருமே."

மதியச் சாப்பாட்டு டப்பாவில் ஊறவைத்த பச்சைப் பயறு, ஒரு வெள்ளரிக்காய். சட்டைக்கு இஸ்திரி இல்லை. அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.

"பிளக்குல பொறி பறந்தாத்தான் வண்டி ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? சைக்கிள தொடச்சு வச்சிருக்கேன்."

மூன்று மைல். சுருங்கிய சட்டையோடு அப்பா மிதித்துக்கொண்டு போனார். வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. கம்பெனி எதிரே ராமையா அண்ணனின் ஒட்டுக்கடை. சட்டியில் மீ நூடுல்ஸ் வதங்குகிறது. மேசைக் கோப்பையில் தே நுரைக்கிறது. அப்பா உட்கார்ந்ததும் ராமையா அண்ணன் அடுப்புக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார்.

"அண்ணி வந்து சொல்லிட்டாங்க அண்ணே. நெருப்புல வெந்தது ஒங்களுக்குக் குடுத்தா பாவம் என் பிள்ளைங்களுக்காம். இந்தாங்க, வாழைப்பழம். காசு வேணாம்."

வீட்டில் நாங்கள் நெத்திலி சம்பல் சாப்பிட்டோம். அப்பா எதிரே உட்கார்ந்து கேரட் கடித்தார். அந்தக் கடிக்கும் சத்தத்தை என்னால் இப்போதும் அப்படியே செய்து காட்ட முடியும். அப்போதே செய்து காட்டினேன். அப்பா கேரட்டை எறிந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைத் துணி காயப்போடும் இடத்துக்கு இழுத்துப் போனார். கண் உள்ளே போயிருந்தது.

"பிள்ளை, கம்ப்யூட்டரு மனசு மாறணும்."

"தொண்ணூறு நாள்னு சொல்லிட்டமேப்பா."

"கணக்குத் தப்புன்னு சொல்லு! பேட்டரி வீக்குன்னு சொல்லு! அவ மீன் வாங்கியாந்திருக்கா. வாசன வருது!"

உண்மைதான். அம்மா அன்று பார்த்துப் பெரிய துண்டாகத் தேங்காரி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கதவை வேறு திறந்து வைத்திருந்தார்.

டின். தலை. அட்டை.

"வணக்கம். கண்டம்... விலகிவிட்டது. கிரகம்... அவசரமாக இடம் மாறியது."

"அட! பாதி விலகிச்சா, முழுசா விலகிச்சா?"

"முழுசாக."

"இனிமே நெருப்பு இவர ஒண்ணும் பண்ணாது?"

டின்னுக்குள் எனக்கு வியர்த்தது. கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். சமையலறையில் மீன் சொய்யென்றது. அப்பாவின் குரல் பலகையைப் பிளந்தது.

"பண்ணாதுன்னு சொல்லு கம்ப்யூட்டரே! சொல்லித் தொலை!"

"ஒன்றும்... பண்ணாது."

"நல்லதுங்க." அம்மா அடுப்பை அணைத்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில இங்க ஈப்போ கோயில்ல போயி காப்பு கட்டிருவோம். இன்னிக்கு வயிறு நெறைய மீன் சாப்பிடுங்க. நாளையிலேருந்து வெரதம்."

அப்பா நான்கு துண்டு சாப்பிட்டார். நான்கையும் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, மஞ்சள் வேட்டி கட்டிய அப்பாவோடு தோட்டத்தில் இறங்கினோம். பாதித் தோட்டம் மொட்டை. வெட்டிப் போட்ட பால்மரங்களில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது. லயத்தில் எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. ஆனால் கோயிலுக்கு முன்னால் அத்தனை பேரும் இருந்தார்கள். கிள்ளானிலிருந்து, பினாங்கிலிருந்து, பாகான் டத்தோவிலிருந்து. அம்மா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, ஒவ்வொரு கன்னமாகத் தடவினார். உடையப்பன் மண்டோர் என் காதைப் பிடித்தார். "பெரட்டு மணிய அடி பாப்போம்!" அடித்தேன். தொண்டை வறண்டு போகும் அளவுக்கு அடித்தேன். கிழவர்கள் எல்லாரும் எழுந்து வாளி இல்லாத கையோடு வரிசையில் நின்றார்கள். சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிச்சைமுத்து பூசாரி அப்பாவைப் பார்த்தார். கனைக்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசி முதுகில் ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். அப்பா தணல் குழியில் இறங்கி ஓடினார். ஏழே தப்படி. அக்கரையில் கால் நனைக்கும் பால் குழிக்குள் நின்றுகொண்டு, காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி.

"சுடவே இல்லைலா நவமணி! ரெண்டு வருசத்த வீணாக்கிட்டேனே!" பிறகு பெருமையோடு சேர்த்துக்கொண்டார். "கம்ப்யூட்டரு சொன்னது சரிதான்."

"எந்தக் கம்ப்யூட்டருங்க?" அம்மா சேலைத் தலைப்பால் அவர் காலைத் துடைத்தார். "'தலைய இன்னும் உள்ள விடு பிள்ளை, டின்னு அதிரணும்'னு சனிக்கிழம சொல்லிக் குடுத்தீங்களே, அதா?"

அப்பா ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"அகதா அக்கா வீட்டு ரேடியோவுல ஒண்ணு விடாம எங்களுக்குக் கேட்டுச்சு. நெத்திலி ஆயவே முடியல, அப்பிடிச் சிரிப்பு. 'ஐயோ யேசுவே, நாளைக்கு என்னா நாடகம்'னு அக்கா கேக்குது. கம்பி இருந்தா பேச்சு வீட்டோட நிக்கும். இல்லைன்னா அது பாட்டுக்கு மேயத்தான் செய்யும்."

நான் மெதுவாகக் கூட்டத்துக்குள் நழுவினேன். ஜடை பிடிபட்டது.

"நில்லு. இவரு நெருப்புல எறங்கினப்ப எனக்கே பயம் வந்துருச்சு. அம்மன்கிட்ட அவசரமா ஒண்ணு வேண்டிக்கிட்டேன். கால் சுடாம கரையேறிட்டா, எம்மக முத்தம்மா நாப்பத்தெட்டு நாளு மௌன வெரதம் இருப்பான்னு."

ஆகையால்தான் வாசகர்களே, எல்லாருடைய குரலிலும் பேசிக் காட்ட வேண்டிய இந்தக் கதையை ஒரு சத்தமும் இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது.