அஞ்சலை அக்காவின் நிலத்தை நான் தொலைத்த கதை

அரைகுறைப் படிப்பு ஆபத்து என்பார்கள். என்னுடையது அரைகுறைகூட இல்லை; புகைப்படக்கலை பற்றி இணையத்தில் படித்த ஒரே ஒரு கட்டுரை. அதை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

2010-களின் நடுப்பகுதி. பொறியியல் முடித்துவிட்டு, நெய்வேலி நகரியத்தில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் வேலையில்லாமல் இருந்தேன். கழுத்தில் எப்போதும் கேமரா தொங்கும். (தாலி தொங்கவேண்டிய கழுத்து என்று அம்மா தினமும் நினைவூட்டுவாள்.) அந்தக் கட்டுரை சொன்னது இதுதான்: இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கும்.

நகரியத்தில் எங்கள் குடியிருப்பு பிளாக்கில் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்தார்கள். விடுவேனா? இடப்பக்கம், சுற்றுவட்டார நிலங்களை எடுத்துத் தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தின் பெரும்பள்ளம். வலப்பக்கம், கன்னத்தில் கைவைத்து எங்கோ வெறிக்கும் ஒரு பெண். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வந்து எங்கள் சந்தையில் பலாப்பழம் விற்கும் அஞ்சலை அக்கா. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், எதன் பக்கத்தில் மாட்டுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. தலைப்பும் எழுதவில்லை. பார்ப்பவர்களே புரிந்துகொள்ளட்டும் என்ற பெருந்தன்மை.

நன்றாகவே புரிந்துகொண்டார்கள். "பாவம், இருந்த நிலமும் போச்சு போல" என்று பக்கத்து வீட்டு அத்தை கண்ணைத் துடைத்தார். நான் மேதைபோலத் தலையசைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் அஞ்சலை அக்கா.

"பாப்பா, என் நெலம் எப்ப போச்சு?"

"அது வந்துக்கா... ஒரு குறியீடு..."

"என்னா யீடோ! எம் பொண்ணுக்குப் பேசி வச்சிருக்கிற மாப்பிள்ளையோட சித்தப்பா அந்தப் படத்தப் பாத்துட்டாரு. நெலம் மைன்ஸுக்குப் போனத மறைச்சிட்டீங்களேன்னு பேச்ச நிறுத்திட்டாங்க. அன்னிக்கு எனக்குப் பல்லு வலிம்மா! கன்னத்தப் புடிச்சிகினு உக்காந்திருந்தேன்!"

உள்ளேயிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சும் கூடவே வந்துவிடும். "ஏட்டி, பல்லு வலிக்காரியப் பரதேசியாக்கிட்டியே!"

படத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"கயட்டினா ஆச்சா? நெலம் இருக்குதுன்னு காட்டு."

அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். அவருடைய முந்திரித் தோப்பைப் படமெடுத்து, ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு, பள்ளம் இருந்த இடத்தில் மாட்டினேன். பக்கத்தில் அதே சோக முகம். (அதையும் மாற்றியிருக்கலாம். அவ்வளவு நல்ல படத்தைக் கழற்ற மனம் வரவில்லை. திமிர்!)

மாலையில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கெஞ்சி வரவழைத்தோம். அவர் தோப்பைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி தோப்பைப் பார்த்தார்.

"அடடா, இவ்ளோ நல்ல தோப்புங்களா போச்சு?"

அஞ்சலை அக்கா இரண்டு படங்களையும் ஆணியோடு பிடுங்கினார். "படத்த வுடுங்க சம்மந்தி. இருட்டுறதுக்குள்ள வந்து மிதிச்சிப் பாருங்க!"

இந்தமுறை என் ஸ்கூட்டியில் சித்தப்பா. ஒரு பெண்ணின் கல்யாணம் என் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. தோப்பில் இறங்கியவர் வரப்போரமாக ஒரு சுற்று நடந்தார். ஒரு மரத்தைத் தட்டினார். குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"தோப்பு இருக்குதுங்க" என்றார்.

அன்றே கல்யாணப் பேச்சைத் திரும்பவும் தொடங்கினார்கள்.

கல்யாணத்துக்கு என்னையே படமெடுக்க அழைத்தார் அக்கா. ஒரே நிபந்தனை: "ஒரு பக்கத்துக்கு ஒரு போட்டோதான் பாப்பா. பக்கத்துல இன்னொண்ண வச்சே, தெரியும் சேதி!" ஆல்பம் மூன்று தலையணை கனத்தில் வந்தது.

சில வருடங்கள் கழித்து, அப்பா பணி ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படத்தை ஹாலில் மாட்ட ஏணியில் ஏறினேன். அந்தச் சுவரில் ஏற்கெனவே, ஓடாமல் நின்றுபோன ஒரு கடிகாரம். ஏணியைப் பிடித்திருந்த அப்பா அதையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, முதல்ல அந்தக் கடிகாரத்தக் கழத்து. பாக்கவன் நான் போயிட்டேன்னு மாலையத் தூக்கிட்டு வந்துருவான்."